பங்காளி நிலம் வாங்கினால் வயிறு வலிக்கும்

(நூலக வாசகர் கூட்டம் ஒன்றில் கொரியப் பழமொழிகள் குறித்து ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கொரியா என்று பேச்செடுத்தாலே நம் ஊரில் அடுத்து வருவது, "அவங்களும் அம்மா அப்பான்னுதான் கூப்பிடறாங்களாமே" என்பதுதான். அதற்கும் அடுத்து, இங்கிருந்து கடல் கடந்து கொரியாவுக்குப் போனதாகச் சொல்லப்படும் அரசியின் கதை வரும். இன்றைக்கு நான் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கப் போவதில்லை. அது வேறொரு கூட்டத்துக்கான சண்டை. எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு பழமொழி. கொரியர்கள் 'சொக்தம்' என்பார்கள். பழமொழியை அகராதியில் பார்த்துப் பொருள் தெரிந்துகொள்வது பாதி வேலைதான். யார், யாரிடம், எந்த நேரத்தில் சொன்னார் என்று பார்த்தால்தான் மீதிப் பாதி கிடைக்கும். இதுதான் என் கட்சி. இதற்கு வெளியே நான் புதிதாக எதுவும் சொல்லப் போவதில்லை. உதாரணங்கள்தான் நிறைய இருக்கின்றன.

ஒருவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம், அவரே வாசலில் வந்து நிற்கிறார். நாம் என்ன சொல்வோம்? "உனக்கு ஆயுசு நூறு. இப்பத்தான் உன்னைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தோம்." கொரியர் சொல்வது: "புலிகூடத் தன்னைப் பற்றிப் பேசினால் வந்துவிடும்." நாம் வாழ்த்துகிறோம், அவர்கள் புலி என்கிறார்கள். நண்பர்களுக்குள் என்றால் இன்னொன்றும் சேரும்: "நீயெல்லாம் யாங்பன் ஆக முடியாது, போ." யாங்பன் என்பவர்கள் ஜோசன் அரச காலத்து மேல்குடியினர். பேர் எடுத்தவுடன் ஓடிவந்து நிற்பது பெரிய மனுஷனுக்கு லட்சணமில்லை என்று கேலி. இதைக் கூடப் படித்தவனிடம் சொன்னால் சிரிப்பான். அலுவலக மேலாளர் உள்ளே வரும்போது சொன்னால் அறையே மௌனமாகிவிடும்.

புலி ஏன்? கொரியத் தீபகற்பத்தில் ஏறத்தாழ 70 சதவீதம் மலை. அந்த மலைகளில் புலி இருந்தது, ஊருக்குள்ளும் வந்தது. நம் பாட்டிகள் "ஒரே ஒரு ஊரிலே" என்று கதையைத் தொடங்குவதுபோல அங்கே "புலி புகைபிடித்த காலத்திலே" என்று தொடங்குவார்கள். புகையிலை கொரியாவுக்கு வந்தது 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். கணக்குப் பார்த்தால் அந்த ஆதிகாலப் புலிக்கு வயது நானூறுதான் ஆகிறது. கதையில் யார் கணக்குப் பார்க்கிறார்கள்! 1910 முதல் 1945 வரை நடந்த ஜப்பானிய ஆட்சியில், தீங்கு செய்யும் விலங்குகளை ஒழிக்கிறோம் என்று சொல்லி வேட்டையாடித் தீர்த்தார்கள். இன்றைக்குத் தென்கொரியக் காட்டில் புலி கிடையாது. ஆனால் 1988 சியோல் ஒலிம்பிக்கின் சின்னம் ஹோதோரி என்ற புலிக்குட்டி. 2018 பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்குக்கு சூஹோராங் என்ற வெள்ளைப் புலி. காட்டில் இல்லாத புலி பேச்சில் தினமும் நடமாடுகிறது. தேர்வறைக்குப் போகிற பிள்ளையிடம், அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருப்பவரிடம் சொல்வார்கள்: "புலி கவ்விக்கொண்டு போனாலும் புத்தியை விடாதிருந்தால் பிழைத்துக்கொள்ளலாம்."

அடுத்து, கேட்டவுடன் 'அட, நம்முடையதேதான்' என்று தோன்றும் ஒன்று. "காக்கை பறந்தது, பேரிக்காய் விழுந்தது." நம்மிடம் காக்காய் உட்காரப் பனம்பழம் விழுந்த கதை இருக்கிறது. பனைமரத்துக்குப் பதில் பேரிக்காய் மரம், அவ்வளவுதானே? இல்லை. நாம் இதை எப்போது சொல்கிறோம்? தானாக நடந்ததற்குத் தான்தான் காரணம் என்று ஒருவர் மார்தட்டும்போது. கொரியர் சொல்வது ஒரு தவறும் செய்யாத ஆள் சந்தேகத்தில் மாட்டிக்கொள்ளும்போது. ஒருவர் அறையைவிட்டு வெளியே வருகிறார், அதே நேரம் உள்ளே வைத்த பணத்தைக் காணோம். அவர் கையை விரித்துக்கொண்டு சொல்கிற பழமொழி இது. அரசியல்வாதி ஒரு நிலத்தை வாங்கிய மறு மாதம் அந்தப் பக்கம் ரயில் பாதை அறிவிக்கப்பட்டால், அவருடைய செய்தித் தொடர்பாளருக்கும் இதுதான் கைகொடுக்கும். நம் காக்கை பெருமைப்பட்டுக்கொள்கிறது. அவர்கள் காக்கை போலீஸ் ஸ்டேஷனில் நிற்கிறது.

இப்படி உருவம் ஒத்துப்போகிறவை ஏராளம். கிணற்றுத் தவளை அங்கேயும் கிணற்றில்தான் இருக்கிறது. 'நோயையும் கொடுப்பான், மருந்தையும் கொடுப்பான்' என்பார்கள். நாம் பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்கிறோம். 'மூன்று வயதுப் பழக்கம் எண்பது வரை' என்பது நம் தொட்டில் பழக்கம். ஆனால் நாம் சுடுகாடு வரை கொண்டுபோய் விடுகிறோம், அவர்கள் எண்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நெல்லும் மாடும் மாமியாரும் இருக்கிற ஊரில் பழமொழிகள் ஒன்றுபோல இருப்பதில் வியக்க ஒன்றுமில்லை. இதை வைத்து யாரும் வம்ச விருட்சம் வரைய வேண்டாம்.

நெருப்பில்லாமல் புகையாது என்பதை அவர்கள் "மூட்டாத அடுப்பின் புகைபோக்கியில் புகை வருமா?" என்று கேட்பார்கள். புகைபோக்கி அங்கே வந்ததற்குக் காரணம் வீடு கட்டும் முறை. அடுப்பில் எரிகிற தீயின் சூடும் புகையும் தரைக்கு அடியில் கற்களுக்கிடையே ஓடி, அறையைச் சூடாக்கிவிட்டு, மறுகோடியில் இருக்கிற புகைபோக்கி வழியாக வெளியேறும். ஒரே விறகில் சோறும் வெந்தது, படுக்கையும் சூடானது. எந்த வீட்டில் உலை வைத்தார்கள், எந்த வீடு பட்டினி என்பது புகையைப் பார்த்தாலே ஊருக்குத் தெரியும். இன்றைக்கு அபார்ட்மென்ட் தரைக்கு அடியில் வெந்நீர்க் குழாய் ஓடுகிறது, புகையே இல்லை. பழமொழி மட்டும் வேலையை மாற்றிக்கொண்டுவிட்டது. ஒரு நடிகையைப் பற்றி வதந்தி வந்தால், ஆதாரம் கேட்பவரின் வாயை அடைக்க இதைச் சொல்கிறார்கள். பழமொழி எப்போதும் அறிவின் பக்கம்தான் நிற்கும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இந்த ஒரு வாக்கியம் அங்கே பல பேரின் மானத்தை வாங்கியிருக்கிறது.

பொருள் தலைகீழாகிப் போனதற்கு இன்னொரு நல்ல உதாரணம் உண்டு. "போகிற சொல் அழகாக இருந்தால்தான் வருகிற சொல்லும் அழகாக இருக்கும்." பள்ளிப் பாடத்தில் இது நல்லொழுக்கம். தெருவில்? இரண்டு கார்கள் லேசாக உரசிக்கொள்கின்றன. இருவரும் இறங்குகிறார்கள். மூத்தவராகத் தெரிகிறவர் எடுத்த எடுப்பில் மரியாதையில்லாத வினைமுற்றில் பேசிவிடுகிறார். கொரிய மொழியில் நீ, நீங்கள் என்ற வித்தியாசம் ஒவ்வொரு வாக்கியத்தின் வாலிலும் தெரியும், மறைக்கவே முடியாது. "ஏன் மரியாதையில்லாம பேசறீங்க?" "உனக்கு என்ன வயசு?" கார் உரசியது மறந்துபோகும், வழக்கு வயதுக்குப் போய்விடும். அப்போது இளையவர் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வார்: "போகிற சொல் அழகாக இருந்தால்தானே..." மீதியைச் சொல்ல மாட்டார். அது எச்சரிக்கை. இனி நானும் நீ என்றுதான் பேசுவேன் என்று அர்த்தம். 2023 ஜூன் 28 முதல் அங்கே சட்டப்படி உலகம் முழுவதும் கணக்கிடுகிற முறையில்தான் வயது. அதற்கு முன் பிறந்தவுடன் ஒரு வயது, ஒவ்வொரு ஜனவரி முதல் தேதியும் எல்லோருக்கும் ஒரு வயது கூடும் என்கிற வழக்கம் இருந்தது. சட்டம் மாறியதால் தெருச்சண்டை குறைந்ததாகத் தெரியவில்லை.

இப்போது சாப்பாட்டுக்கு வருகிறேன். கொரியப் பழமொழிகளில் தொக் எத்தனை இடத்தில் வருகிறது என்று பார்த்தால் அந்தக் காலத்துப் பசி தெரியும். தொக் என்பது அரிசியை ஆவியில் வேகவைத்து, இடித்து, பிடித்துச் செய்கிற பண்டம். நம் கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட உறவு. ஆனால் இழுவை அதிகம், தொண்டையில் நிற்கும். அதற்குத் துணையாகக் கிம்ச்சித் தண்ணீர் குடிப்பார்கள். முள்ளங்கியை உப்பு நீரில் போட்டுக் குளிர்காலத்தில் புளிக்கவைத்தால் ஒரு தெளிந்த, சில்லென்ற புளிப்புத் தண்ணீர் கிடைக்கும். ஒரு மடக்குக் குடித்தால் தொக் வழுக்கிக்கொண்டு இறங்கும். பழமொழி என்ன சொல்கிறது? "தொக் கொடுக்கிறவன் நினைக்கவே இல்லை, இவன் அதற்குள் கிம்ச்சித் தண்ணீரைக் குடிக்கிறான்." பக்கத்து வீட்டில் உலக்கைச் சத்தம் கேட்கிறது. நமக்கும் ஒரு தட்டு வரும் என்று இவன் முன்னேற்பாடாகக் குவளையை எடுத்துவிட்டான். எந்தக் காலத்துக்கும் பொருந்துகிற ஆள் இவன். இன்றைக்கு இளைஞர்கள் இதை முழுதாகச் சொல்வதே இல்லை. ஒரு பெண் சிரித்துப் பேசிவிட்டாள் என்று ஒருவன் கற்பனையில் மிதந்தால், நண்பன் செல்போனில் "கிம்ச்சித் தண்ணி குடிக்காதே" என்று அனுப்புகிறான். விஷயம் முடிந்தது.

'அடுத்தவன் தொக் பெரிதாகத் தெரியும்', 'படத்தில் இருக்கிற தொக்', 'பிடிக்காதவனுக்கு ஒரு தொக் கூடுதலாகக் கொடு' என்று வரிசை நீளும். இந்தக் கடைசி ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. வெறுக்கிற ஆளின் வாயை அடைக்க மலிவான வழி அவனுக்குச் சாப்பிடக் கொடுப்பதுதான் என்று கண்டுபிடித்தவர் கட்டாயம் ஒரு கூட்டுக் குடும்பத்தில் இருந்திருப்பார்.

"கும்காங் மலையானாலும் சாப்பிட்ட பிறகுதான் பார்வை" என்பது சுற்றுலா போகிற ஒவ்வொரு குழுவிலும் ஒருவராவது சொல்கிற வாக்கியம். அழகுக்குப் பேர்போன அந்த மலை, 1,638 மீட்டர் உயரம், இருப்பது வடகொரியாவில். 1998 நவம்பரில் தென்கொரியர்களுக்கு அங்கே சுற்றுலா திறந்தது. 2008 ஜூலையில் ஒரு சுற்றுலாப் பயணியை வடகொரியக் காவலர் சுட்டுக் கொன்றதோடு அது நின்றுபோனது. ஆகவே இன்றைக்குத் தென்கொரியர் வயிறாரச் சாப்பிட்டாலும் அந்த மலைக்குச் சுற்றுலா போக முடியாது. பழமொழியை மட்டும் உணவகத்தைத் தேடும்போது சொல்லிக்கொள்ளலாம்.

சிரிக்கிறோம், ஆனால் பழைய கொரியாவில் பசி விளையாட்டு விஷயம் இல்லை. போன ஆண்டு நெல் தீர்ந்து, புது வாற்கோதுமை இன்னும் முற்றாத வசந்தகால வாரங்களை 'வாற்கோதுமை மேடு' என்பார்கள். ஏறிக் கடக்க வேண்டிய மேடு. 1960கள் வரை கிராமங்களில் இந்தப் பேச்சு இருந்தது. அந்த நாட்டில்தான் "தொண்டைதான் காவல் நிலையம்" என்று ஒரு பழமொழி இருக்கிறது. வயிற்றுப்பாடு மனிதனைச் செய்யக்கூடாததையும் செய்யவைக்கும், பிடித்து இழுத்துப்போகும் என்று பொருள். பிடிக்காத வேலையை விடாமல் பார்த்துக்கொண்டிருக்கும் நடுத்தர வயது ஊழியர் இன்றைக்கு ஒரு பெருமூச்சோடு இதைச் சொல்வார். ஏன் வேலையை விடவில்லை என்ற கேள்விக்கு இதைவிடச் சின்னப் பதில் கிடையாது.

தலைப்புக்கு வருகிறேன். "சாச்சோன் நிலம் வாங்கினால் வயிறு வலிக்கும்." சாச்சோன் என்றால் சித்தப்பா, பெரியப்பா, அத்தை, மாமா பிள்ளைகள். நம் ஊரில் இந்த வயிற்றுவலி வருவது பங்காளியால்தான் என்பதால் நான் பங்காளி என்று போட்டுக்கொண்டேன். முன்பின் தெரியாதவன் நிலம் வாங்கினால் யாருக்கும் வலிப்பதில்லை, கவனியுங்கள். ஒரே தாத்தாவின் பேரன், ஒரே வயது, ஒரே திருவிழாவில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவன் வாங்க வேண்டும். நிலம் என்றால் அங்கே என்ன என்பதையும் நினைத்துக்கொள்ள வேண்டும். ஜப்பானிய ஆட்சி முடிந்தபோது விவசாயிகளில் பெரும்பாலோர் அடுத்தவன் நிலத்தில் குத்தகைக்கு உழுதவர்கள். தென்கொரியாவில் 1950இல் நிலச் சீர்திருத்தம் நடந்து, ஒரு குடும்பத்துக்கு ஏறத்தாழ 3 ஹெக்டேர்தான் என்று உச்சவரம்பு வைத்து, மிச்சத்தை உழுதவர்களுக்கு விலைக்குக் கொடுத்தார்கள். அதற்கு முன் ஒரு சாதாரணக் குடும்பம் சொந்தமாக நிலம் வாங்குவது என்பது வாழ்நாளில் ஒருமுறை நடந்தால் அதிசயம்.

சிலர் இந்தப் பழமொழிக்கு வெள்ளையடிக்கப் பார்க்கிறார்கள். முதலில் இது பொறாமையைச் சொல்லவே இல்லையாம். உறவுக்காரன் நிலம் வாங்கிவிட்டான், கொடுக்கக் கையில் ஒன்றுமில்லை, வயிறாவது வலித்தால் அவன் வயலுக்கு எருவாவது போடலாமே என்ற நல்லெண்ணமாம்! நல்ல கதை. நான் நம்பவில்லை. உறவுக்காரர்கள் உள்ள எவரும் நம்பமாட்டார்.

இன்றைக்கு நிலத்தின் இடத்தில் அபார்ட்மென்ட் வந்துவிட்டது. தென்கொரியக் குடும்பங்களில் பாதிக்கும் மேல் அபார்ட்மென்ட்களில் வசிக்கின்றன. அங்கே 'ஜோன்சே' என்று ஒரு முறை உண்டு: மாத வாடகை கிடையாது, வீட்டு விலையில் பெரும்பகுதியை முன்பணமாகக் கொடுத்துவிட்டுக் குடியிருந்து, காலி செய்யும்போது முழுதாக வாங்கிக்கொள்வது. நம்மூர்ப் போக்கியத்துக்குப் பக்கத்தில் வரும். 2020, 2021இல் சியோலில் வீட்டு விலை எகிறியபோது, கடன் வாங்கியாவது வீடு வாங்கியவனும் ஜோன்சேயில் இருந்தவனும் ஒரே சம்பளக்காரர்களாக இருந்தும் வேறு வேறு வர்க்கமாகிப் போனார்கள். ஒரு காசையும் இழக்காமல், சும்மா உட்கார்ந்த இடத்திலேயே ஏழையானவனுக்கு 'இடி விழுந்த பிச்சைக்காரன்' என்று புதுப்பேர் வந்தது. அறுவடைத் திருநாளான சூசோக்குக்கு உறவெல்லாம் கூடுகிற வீட்டில், எந்த வட்டாரத்தில் எத்தனை சதுர மீட்டர் என்ற பேச்சு எழும்போது யாருக்கு வயிறு வலிக்கிறது என்பது முகத்திலேயே தெரியும். தன் பொறாமையைத் தானே சிரித்துக்கொண்டு ஒப்புக்கொள்ளவும் இந்தப் பழமொழிதான் உதவுகிறது: "சாச்சோன் நிலம் வாங்கினா வலிக்கும்னு சொல்வாங்களே, எனக்கு லேசா வலிக்குது." சொல்லிவிட்டால் பாதி வலி குறைந்துவிடும் என்றே நினைக்கிறேன்.

இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. "ஓடையிலிருந்து டிராகன் பிறக்கும்." சேற்றில் செந்தாமரை என்று நாம் சொல்வது. ஏழை வீட்டுப் பிள்ளை படித்துப் பெரிய பதவிக்கு வருவது. இதற்கு நிஜ மனிதர்களே சாட்சி. ரோ மூ-ஹ்யுன் வணிகவியல் உயர்நிலைப் பள்ளியோடு படிப்பை முடித்தவர். தானாகவே படித்து 1975இல் வழக்கறிஞர் தேர்வில் தேறி, 2003இல் நாட்டின் அதிபரானார். 2025 ஜூனில் அதிபரான லீ ஜே-ம்யுங் சிறுவயதில் தொழிற்சாலைகளில் வேலை பார்த்து, கை நசுங்கி, 1986இல் அதே தேர்வில் தேறியவர். அந்தத் தேர்வை எழுதப் பட்டம்கூட வேண்டியிருக்கவில்லை. 2009இல் மூன்றாண்டுச் சட்டக் கல்விக்கூடங்கள் வந்தன. 2017இல் பழைய தேர்வு அடியோடு நிறுத்தப்பட்டது. அப்போது எழுந்த வாதங்களில் இந்த ஓடையும் டிராகனும் படாத பாடுபட்டன. 'இனி ஓடையில் டிராகன் பிறக்காது' என்பது இப்போது ஒரு பழமொழிபோலவே ஆகிவிட்டது. தங்கக் கரண்டியோடு பிறந்தவன், மண் கரண்டியோடு பிறந்தவன் என்று பிள்ளைகள் தங்களைத் தாங்களே வகைபிரித்துக்கொள்கிறார்கள்.

ஆனாலும் படிப்பின் மேலிருந்த நம்பிக்கை விட்டுப்போகவில்லை. நவம்பரில் நடக்கும் கல்லூரி நுழைவுத் தேர்வு நாளில் ஆங்கிலக் கேட்டல் பகுதி நடக்கும்போது நாடு முழுவதும் விமானம் ஏறாது, இறங்காது. தாமதமாகிற மாணவனைப் போலீஸ் வண்டி ஏற்றிக்கொண்டு ஓடும். தேர்வுக்கு முன் பிள்ளைகளுக்கு 'யோத்' என்ற பிசுபிசுப்பான மிட்டாய் கொடுப்பார்கள். பிசின்போல் ஒட்டிக்கொண்டு தேறிவிட வேண்டும். கடற்பாசிச் சூப் மட்டும் கண்ணில் காட்டமாட்டார்கள், அது வழுக்கும். 'கடற்பாசிச் சூப் குடித்தான்' என்றாலே தேர்வில் தோற்றான் என்று அர்த்தம். சிக்கல் என்னவென்றால், பிறந்தநாளன்று காலையில் குடிக்க வேண்டியதும் அதே சூப்தான். நவம்பரில் பிறந்த பிள்ளைகள் பாவம்.

அடுத்து ஒன்று, கொஞ்சம் கனமானது. "மாட்டைப் பறிகொடுத்துவிட்டுத் தொழுவத்தைச் சரிசெய்வான்." கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்கிறோமே, அதே இடத்தில் சொல்வது. விபத்து நடந்த மறுநாள் கொரியப் பத்திரிகைத் தலையங்கத்தில் இந்த மாடு தவறாமல் வரும். 1995 ஜூன் 29 அன்று சியோலில் சாம்பூங் பல்பொருள் அங்காடி இடிந்து விழுந்து 502 பேர் இறந்தபோது வந்தது. 2003 பிப்ரவரி 18 அன்று தேகு நகரச் சுரங்க ரயிலில் ஒருவர் தீ வைத்து 192 பேர் இறந்தபோதும் வந்தது. ரயில் பெட்டியின் இருக்கை மெத்தையும் உட்புறப் பொருட்களும் தீயைப் பற்றிப் பரப்பின. அதன் பிறகு நாடு முழுக்கப் பெட்டிகளின் உட்புறத்தை எளிதில் தீப்பிடிக்காத பொருட்களால் மாற்றினார்கள். சியோல் ரயிலில் மெத்தையே இல்லாத எஃகு இருக்கையில் உட்கார்ந்து 'என்ன இது, இப்படிச் சில்லிடுகிறது' என்று நினைத்தவர்கள் இங்கே யாராவது இருந்தால், அதற்குக் காரணம் இதுதான். 2025 மே 31 அன்று சியோலின் 5ஆம் எண் பாதையில், ஓடுகிற ரயிலில் ஒருவர் பெட்ரோலை ஊற்றித் தீ வைத்தார். ரயிலில் நூற்றுக்கணக்கானவர்கள். ஒருவர்கூட இறக்கவில்லை. மாடு போன பிறகு சரிசெய்த தொழுவம் 22 ஆண்டு கழித்து அடுத்த மாட்டைக் காப்பாற்றியிருக்கிறது. ஆகவே இந்தப் பழமொழியைக் கேலியாக மட்டும் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. மாட்டைத் தொலைத்துவிட்டுத் தொழுவத்தையும் அப்படியே விட்டுவிடுகிற ஊர்கள் உண்டு. எந்த ஊர் என்று கேட்காதீர்கள்.

பெண்களைப் பற்றிய பழமொழிகளை இந்தப் பேச்சில் விட்டுவிட்டால் அது நேர்மையாக இராது. "பெட்டைக்கோழி கூவினால் குடும்பம் அழியும்" என்கிறது ஒன்று. நமக்கும் பெட்டைக்கோழி கூவிப் பொழுது விடிவதில்லை. யாரும் யாரையும் குறைசொல்வதற்கில்லை. பெண்ணையும் காய்ந்த பொல்லாக் மீனையும் மூன்று நாளைக்கு ஒருமுறை அடிக்க வேண்டும் என்று வாய்கூசாமல் சொல்லும் ஒன்றும் உண்டு. அந்த மீனை அடித்து மெதுவாக்கித்தான் சமைப்பார்கள். புகுந்த வீட்டுக்குப் போகிற பெண் 'செவிடாக மூன்று ஆண்டு, ஊமையாக மூன்று ஆண்டு, குருடாக மூன்று ஆண்டு' இருக்க வேண்டும் என்று அம்மாக்களே சொல்லி அனுப்பினார்கள். இதே உலகத்தில் பெண்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்ட ஒன்றைக் கேளுங்கள்: "அடிக்கிற மாமியாரைவிட, தடுக்க வருகிற நாத்தனாரைப் பார்த்தால்தான் பற்றிக்கொண்டு வரும்." (சிரிப்பு) பார்த்தீர்களா, முன்வரிசையில் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. தடுப்பதுபோல் நடித்து எண்ணெய் ஊற்றுகிற ஆள் அலுவலகத்திலும் இருக்கிறார், அரசியலிலும் இருக்கிறார். இன்றைக்கு இது பெரும்பாலும் அங்கேதான் பயன்படுகிறது.

குடும்பத் தலைவர் என்றால் ஆண்தான் என்று பதிவேட்டில் எழுதிவைத்த முறையை 2005இல் கொரிய அரசியல் சாசன நீதிமன்றம் சாசனத்துக்குப் பொருந்தாது என்றது. 2008 ஜனவரி முதல் அது ஒழிந்தது. இன்றைக்கு யாராவது பெட்டைக்கோழியை இழுத்தால், பெண்கள் "பெட்டைக்கோழி கூவினால் முட்டை வரும்" என்று முடித்துவிடுகிறார்கள். "கிளை நிறைந்த மரத்துக்குக் காற்றில்லாத நாள் இல்லை" என்பது பிள்ளைகள் நிறையப் பெற்ற வீட்டின் கவலையைச் சொன்ன பழமொழி. 2023இல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 0.72 குழந்தை என்று வந்து நின்றது தென்கொரியா. மரத்தில் கிளையே இல்லை.

இளையவர்கள் பழமொழிகளை மறந்துவிட்டார்கள் என்று அங்கேயும் பெரியவர்கள் புலம்புகிறார்கள். மறக்கவில்லை, வாலைத் திருகுகிறார்கள். "தூசி சேர்ந்தால் தேசான் மலை" என்பது சிறுசேமிப்புப் பழமொழி. தேசான் சீனாவின் ஷான்டோங்கில் உள்ள புனித மலை. நகைச்சுவை நடிகர் பார்க் ம்யுங்-சூ அதைத் "தூசி சேர்ந்தால் தூசி" என்று மாற்றிவிட்டார். சம்பளத்தைச் சேர்த்துவைத்து வீடு வாங்க முடியாது என்று தெரிந்துகொண்ட தலைமுறை அதைப் பிடித்துக்கொண்டது. "இளமையில் கஷ்டத்தைக் காசு கொடுத்தாவது வாங்கு" என்ற அறிவுரைக்கு "இளமையில் கஷ்டப்பட்டால் முதுமையில் மூட்டுவலி" என்கிற மாதிரி பதில் வருகிறது. "பள்ளிக்கூடத்து நாய் மூன்று ஆண்டில் கவிதை சொல்லும்" என்பது "உணவகத்து நாய் மூன்று ஆண்டில் ராமியோன் நூடுல்ஸ் சமைக்கும்" என்றாகிவிட்டது. "வயிற்றைவிடத் தொப்புள் பெரிது" என்பதை மட்டும் மாற்றவில்லை. வீட்டுக்கு வரவழைத்த சாப்பாட்டின் விலையோடு டெலிவரி கட்டணத்தைப் பார்த்தால் அது அப்படியே பொருந்திவிடுகிறது.

"திமிங்கிலங்கள் சண்டையிட்டால் இறாலின் முதுகு வெடிக்கும்" என்பதைத் தொடர்களில் கேட்டிருப்பீர்கள். மேலதிகாரிகள் இருவர் மோதிக்கொள்ள நடுவில் மாட்டும் உதவியாளர் சொல்வது. அதுவே செய்தியில் வந்தால் இறால் என்பது நாடு. 1894இல் சீனாவும் ஜப்பானும் மோதியது கொரிய மண்ணில்; 1904இல் ரஷ்யாவும் ஜப்பானும் மோதியது கொரியா யாருக்கு என்பதற்கும் சேர்த்துத்தான். 1950இல் வெடித்த கொரியப் போர் உங்களுக்குத் தெரியும். 'நாங்கள் இனி இறால் இல்லை, டால்பின்' என்று இப்போது சிலர் எழுதுகிறார்கள். கார், கப்பல், சிப் எல்லாம் விற்கிற நாட்டுக்கு அப்படிச் சொல்ல உரிமை இருக்கிறது.

இந்தப் பழமொழிகளைத் தொகுத்தவர்களில் ஒருவரைச் சொல்லாமல் விடக்கூடாது. தாசான் என்று அறியப்படும் ஜோங் யாக்-யோங். பெரிய அறிஞர், அரசு அதிகாரி. 1801 முதல் 18 ஆண்டுகள் தெற்கே நாடுகடத்தப்பட்டு வாழ்ந்தவர். திரும்பி வந்த பின் 1820இல் மக்கள் வழங்கிய பழமொழிகளைச் சீன எழுத்தில் தொகுத்து வைத்தார். அறிஞர்கள் எழுதியது சீன எழுத்தில், சனங்கள் பேசியது கொரியத்தில். இத்தனைக்கும் 1446லேயே மன்னர் செஜோங் எளிய எழுத்தை நாட்டுக்கு அறிவித்துவிட்டார். அதன் முதல் எழுத்து அரிவாள் வடிவில் இருக்கும். "அரிவாளை முன்னால் வைத்தும் முதல் எழுத்து தெரியாதவன்" என்று தற்குறியைக் கேலி செய்யும் பழமொழி அந்த எழுத்தால் பிறந்ததுதான்.

நேரமாகிவிட்டது. முடிக்கும் முன் ஒரு வேண்டுகோள். நம் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் 1998 முதல் கொரியக் கார் தொழிற்சாலை ஓடுகிறது; மின்னணுத் தொழிற்சாலைகளும் வந்துவிட்டன. இந்த அவையிலேயே கொரிய மேலாளர்களோடு வேலை பார்ப்பவர்கள் இருப்பீர்கள். செயலியில் நாலு பழமொழி கற்றுக்கொண்டு அவர்களை அசத்தலாம் என்று தோன்றும். தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் மேலாளர் ஏதாவது தவறு செய்துவிட்டு வருத்தமாக உட்கார்ந்திருக்கும்போது, ஆறுதல் சொல்வதாக நினைத்து "குரங்கும் மரத்திலிருந்து விழும்" என்ற கொரியப் பழமொழியை எடுத்துவிடாதீர்கள். காட்டுக் குரங்கே இல்லாத நாட்டில் வழங்கும் பழமொழி அது. பொருள் சரிதான், கைதேர்ந்தவனும் சறுக்குவான் என்பதுதான். ஆனால் பெரியவர் சின்னவருக்குச் சொல்ல வேண்டியதைச் சின்னவர் பெரியவருக்குச் சொன்னால், அவர் காதில் பழமொழி விழாது, குரங்கு மட்டும்தான் விழும். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று தமிழிலேயே சொல்லி அர்த்தத்தை விளக்கிவிடுங்கள். யானை என்றால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.